தோசையையும் விட்டுக்கொடுத்தவள்

கேட்ட படிப்பு ஒன்று, கிடைத்த படிப்பு ஒன்று. ஆறாம் படிவம் முடித்த பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகளில் இது ஒன்றும் புதுக்கதை இல்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்பப் பாடங்களை வரிசையாக நிரப்பச் சொல்வார்கள். மேலே கணக்கியல் போட்டேன், அதன் கீழே வணிகம், அதன் கீழே வங்கித்துறை. கடைசியில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. அதைக் காலியாக விடுவானேன் என்று, 'மொழியியல், ஸ்பானிய மொழியுடன்' என்பதைத் தட்டிவிட்டு மைலோ கலக்கக் குசினிக்குப் போனேன். முடிவு வந்த அன்று அந்தக் கடைசிக் கட்டம்தான் பல்லைக் காட்டியது.

சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடம் அன்று பாதி இழவு வீடு மாதிரி இருந்தது. அப்பா அங்கே நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அம்மா பள்ளிக்கூடத்தில் சிற்றுண்டிக் கடை நடத்துகிறார். இரண்டு பேருக்கும் ஸ்பெயின் என்றால் காற்பந்து மட்டும்தான் தெரியும்.

“ஸ்பானிஷா? அத படிச்சிட்டு யாருகிட்ட பேசப்போற? பக்கத்து வீட்டு ஆண்ட்டிகிட்டயா?” என்றார் அம்மா.

அப்பா முகவாயைத் தடவிக்கொண்டார். “ஒரு வருஷம் போயி பாரும்மா. சரிப்பட்டு வரலன்னா அக்கவுண்ட்ஸுக்கு மாறிக்கலாம். ஜே.பி.யில ஒரு காலேஜ்ல எனக்குத் தெரிஞ்சவரு இருக்காரு.”

“சரிப்பா” என்றேன்.

என்னைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். உள்ளுக்குள் நான் பெரிய வாயாடி. பேருந்தில் வரிசையை வெட்டிக்கொண்டு ஏறும் ஆளை, வகுப்பில் என் பேனாவைக் கடன் வாங்கித் தொலைப்பவளை, எல்லாரையும் மனசுக்குள் கிழிகிழி என்று கிழிப்பேன். வாயைத் திறந்தால் மட்டும் 'சரி', 'ஆமாம்', 'பரவால்ல' என்று மூன்றே சொல்தான். பெரியவர்கள் பேசும்போது எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று சொந்தபந்தம் முழுக்க எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரைச் சின்ன வயதிலேயே வாங்கி மாட்டிக்கொண்டுவிட்டேன். பிறகு கழற்றத் தெரியவில்லை.

பல்கலைக்கழகம் ஸ்கூடாயில். முதல் வாரமே ஸ்பானிய ஆசிரியர் எங்களை நாக்கை உருட்டச் சொன்னார். கொலம்பியாவிலிருந்து வந்தவர், குள்ளமான அம்மையார், ஆனால் குரல் மூன்று வகுப்பறை தாண்டிப் போகும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் செருமிக்கொண்டும் எச்சில் தெறிக்கவிட்டும் பாடுபட்டார்கள். தமிழ்ப்பள்ளியில் வல்லின றகரத்தை அடித்து உருட்டு, அடித்து உருட்டு என்று உயிரை வாங்கியதெல்லாம் எனக்கு அன்றுதான் பலித்தது. நான் உருட்டியதைக் கேட்டு ஆசிரியர் கைதட்டினார். 'வந்தேன்' என்று சொன்னாலே வந்தது நான்தான் என்று தெரிந்துவிடுவது போல ஸ்பானிய வினைச்சொல்லும் ஆளைத் தன் வாலிலேயே கட்டிக்கொண்டு வருகிறது என்று தெரிந்தபோது, அடடே, இது நம்ம ஆளு என்று தோன்றிவிட்டது.

மொழியியல் வகுப்பு அதைவிட மோசம். மோசம் என்றால், என்னை ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டது என்று பொருள். எங்கள் தமிழைக் கேட்டு மூக்கைச் சுளிக்காதவர் யார்? பேச்சின் வாலில் லா போடுகிறோம், மலாய் கலக்கிறோம், பாதி வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குத் தாவுகிறோம், இதெல்லாம் ஒரு தமிழா என்று ஊருக்கு ஊர் மேடை போட்டுத் திட்டியிருக்கிறார்கள். இந்த வகுப்பிலோ, அந்த 'லா' எங்கே வரும், எங்கே வராது, தப்பான இடத்தில் போட்டால் ஏன் காதுக்கு உறுத்துகிறது என்று ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. கெட்டுப்போன மொழி என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்று விரிவுரையாளர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அவர் மெதுவாகப் பேசும் மலாய்க்காரர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்தவள் சளியா என்று கேட்டு டிஷ்யூ கொடுத்தாள்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னேனா என்றால், இல்லை. அப்பா வாரம் தவறாமல் கூப்பிடுவார்.

“படிப்பு எப்படிம்மா போகுது?”

“ஓகேப்பா.”

“கஷ்டமா இருக்கா?”

“பரவால்லப்பா.”

“அக்கவுண்ட்ஸ் பத்தி யோசிச்சுக்கிட்டுதானே இருக்கே?”

“ஆமாப்பா.”

போனை வைத்த பிறகு கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மனசுக்குள் அப்பாவிடம் அழகாக வாதாடுவேன். அந்த வாதங்களுக்கு யாராவது மதிப்பெண் போட்டிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

இரண்டாம் பருவத்தில்தான் கழுத்துக்குக் கத்தி வந்தது. ஸ்பானிய வாய்மொழித் தேர்வு என்பது விவாதம். ஆசிரியர் ஏதாவது கோணல்மாணலான கருத்தைச் சொல்வார். நாம் எதிர்த்துப் பேச வேண்டும். குறுக்கிட வேண்டும், மறுக்க வேண்டும், விட்டுக்கொடுக்கக் கூடாது. இதில் தேறாவிட்டால் இரண்டாம் ஆண்டில் ஸ்பானிய மொழியைத் தொடர முடியாது. அது போனால் படிப்பே போன மாதிரிதான். ஜே.பி. என்கிற ஜொகூர் பாருவில் கணக்கியல் கல்லூரி வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

இறுதித் தேர்வுக்கு முன்னால் வகுப்பிலேயே ஒரு பயிற்சித் தேர்வு வைத்தார்கள். என் முறை வந்தது. ஆசிரியர் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, “துரியான் பழத்தை இந்த நாட்டில் தடை செய்ய வேண்டும். நாற்றம் தாங்கவில்லை” என்றார்.

எனக்குத் துரியான் என்றால் உயிர். பருவம் வந்தால் அப்பாவும் நானும் சாலையோரக் கடையில் காரை நிறுத்தி, பொன்னம்பல நடனம் ஆடாத குறையாகத் தின்போம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஆசிரியர். ஆசிரியர் ஒன்று சொல்லிவிட்டார். என் வாய் தானாகத் திறந்தது.

“சீ, ப்ரொஃபெசோரா” என்றேன். ஆமாம், டீச்சர். “உண்மைதான், நாற்றம்தான்.”

அவர் புருவத்தைத் தூக்கினார். “அப்படியானால் பலாப்பழத்தையும் தடை செய்யலாமா?”

“சீ, ப்ரொஃபெசோரா.”

“காலையில் எல்லாரும் ரொட்டிதான் சாப்பிட வேண்டும். தோசை கூடாது. சரியா?”

வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. எனக்கு உள்ளே அடுப்பு எரிகிறது. தோசையையா? என்ன கொழுப்பு இருந்தால்! உலகத்தில் எத்தனையோ மொழிகளில் இல்லை என்று சொல்ல முக்க வேண்டியிருக்கும். ஸ்பானிய மொழியில் 'நோ' என்றால் போதும். அந்த ஓரெழுத்தைக்கூடத் துப்ப முடியாமல், “சீ, ப்ரொஃபெசோரா, நீங்கள் மிக நன்றாகச் சொன்னீர்கள்” என்று பாராட்டி, நன்றி வேறு சொல்லி உட்கார்ந்தேன். சிரிப்பில் கூரை பறந்தது. கடைசி வரிசையில் ஒருத்தன், “அலமாக், தோசையையும் குடுத்துட்டா லா!” என்று கத்தினான்.

ஆசிரியர் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, “உன் உச்சரிப்பு இந்த வகுப்பிலேயே அழகானது. இலக்கணமும் சுத்தம். ஆனால் நீ பேசும்போது உள்ளே ஆள் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இப்படியே வந்தால் நான் உன்னைத் தேற்ற முடியாது” என்றார்.

“சீ, ப்ரொஃபெசோரா” என்றேன். வேறு என்ன சொல்வேன்.

அதே சமயத்தில்தான் மொழியியல் பாடத்துக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வீட்டில் இயல்பாக நடக்கும் உரையாடல் ஒன்றை, எல்லாருடைய சம்மதத்தோடும் பதிவு செய்து, ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசினால் அந்த இடத்தில் சதுர அடைப்புக்குறி போட வேண்டும். யாரும் பேசாமல் இருந்தால் அதையும் குறிக்க வேண்டும். இது எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய், “நீங்க பேசுறத ரெக்கார்ட் பண்ணணும்” என்று சொல்லிவைத்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா பட்டுச்சேலையில் இருந்தார். அப்பா முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரியிருந்தார். பெக்கான் நானாஸிலிருந்து சித்தியும் சித்தப்பாவும் வேறு வந்திறங்கினார்கள். சித்தப்பா துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கிடைத்தால் விடமாட்டார். கைப்பேசியை மேசையில் வைத்து அமுக்கினேனோ இல்லையோ, தொண்டையைச் செருமினார்.

“அனைவருக்கும் எனது பணிவான வணக்கம். இன்றைய இந்த இனிய காலைப் பொழுதிலே...”

“சித்தப்பா, சும்மா பேசுங்க.”

“சும்மாதானம்மா உரையாற்றுகிறேன்.”

அம்மா வானொலிப் பெண்மணி போல, “தாங்கள் தேநீர் அருந்துகிறீர்களா?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா முதுகை நிமிர்த்தி, “மிக்க மகிழ்ச்சி. சர்க்கரை சற்றுக் குறைவாக இருக்கட்டும்” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்பா அம்மாவிடம் மிக்க மகிழ்ச்சி என்று சொன்னது அன்றுதான் முதல்முறை. சித்தி நடுவில் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்கு ஓடினார். சித்தப்பா நன்றியுரையோடு முடித்துவைத்தார்.

விரிவுரையாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் தாளைப் பார்த்த மாத்திரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். “ஓர் அடைப்புக்குறிகூட இல்லையே. ஒருவர் முழுதாகப் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் தொடங்குகிறார். நாடாளுமன்றத்தில்கூட இப்படி நடப்பதில்லை. உங்கள் வீட்டில் உண்மையிலேயே இப்படித்தான் பேசிக்கொள்வீர்களா?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். இன்னொரு முறை செய்துகொண்டு வா என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது முறை புத்தியாக நடந்துகொண்டேன். பேசச் சொல்லவே கூடாது, வேலை இருக்கிற இடத்துக்குப் போய் உட்கார வேண்டும். பெக்கான் நானாஸில் சித்தி, பக்கத்து வீட்டு மலாய்க்காரர் மகள் கல்யாணத்துக்கு அன்னாசி டார்ட் பலகாரம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அன்னாசிக்குப் பஞ்சமா? கூடை கூடையாக வந்து இறங்கியிருந்தது. உதவிக்கு எங்கள் வீடே கிளம்பிப் போனது. “போன் ஓடும், சரியா?” என்று எல்லாரிடமும் கேட்டுவிட்டு, கைப்பேசியைச் சீனி டின்மேல் வைத்தேன். சித்தப்பாவுக்கு அன்று வேலை. அதுவும் நல்லதாகப் போயிற்று. முதலில் கொஞ்ச நேரம் எல்லாரும் விறைப்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் கையெல்லாம் பிசுபிசுவென்று சாறு வழியும்போது எத்தனை நேரம்தான் ஒருவர் செந்தமிழ் பேச முடியும்?

மறுநாள் மத்தியானம் ஸ்கூடாயில், விடுதி அறையில் காதில் ஒலிவாங்கியைச் சொருகிக்கொண்டு, இல்லை இல்லை, காதொலிப்பானைச் சொருகிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். பாருங்கள், அந்தப் பேச்சை நினைத்தால் எனக்கே வாய் குழறுகிறது.

“சீனி போதும்டி, போதும், வாயில வைக்க முடியாது” என்று அம்மா தொடங்குகிறார்.

அவர் முடிப்பதற்குள் சித்தி, “போன வருஷம் புளிக்குதுன்னு சொன்னது யாரு?”

“நான் எப்ப சொன்னேன்? உங்க மாமாதான் சொன்னாரு.”

“என்னைய ஏன் இழுக்குற? நான் பாட்டுக்கு பழத்துல கண்ணு நோண்டிக்கிட்டு இருக்கேன்.” இது அப்பா.

“நோண்டுற லட்சணத்தைப் பாரு, பாதிப் பழம் குப்பையில போகுது.”

“அப்ப நீயே வந்து நோண்டு லா.”

“மாமா, அக்கா சொல்றது சரிதான். கத்திய இப்படிச் சாய்ச்சுப் புடிங்க.”

“ரெண்டு பேரும் ஒரே கட்சி. பொறந்த வீட்டு ஆளுங்க.”

அடைப்புக்குறி போட்டுப் போட்டு விரல் வலித்தது. ஒரு வாக்கியமாவது முழுதாக முடிந்திருக்க வேண்டுமே! அம்மா பேச்சை அப்பா வெட்டுகிறார், அப்பா பேச்சைச் சித்தி வெட்டுகிறார், மூன்று பேரும் ஒன்றாகக் கத்துகிறார்கள், திடீரென்று மூன்று பேரும் சிரிக்கிறார்கள். ஒருத்தருக்கும் கோபமில்லை. சீனி அம்மா சொன்ன அளவும் இல்லை, சித்தி சொன்ன அளவும் இல்லை. சண்டை போட்டு, நடுவில் ஓர் இடத்தில் வந்து நின்றது. இந்த வீட்டில் இத்தனை காலம் குடியிருந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் காரியம் எப்படி முடிவாகிறது என்று அன்றைக்குத்தான் காதால் கேட்டேன்.

பிறகு அப்பாவின் குரல் கொஞ்சம் தணிந்து வந்தது.

“ஏம்மா, அந்த காலேஜ்ல சீட்டுக்குச் சொல்லி வச்சிருக்கேன். வருஷம் முடிஞ்சதும் மாறிக்கலாம்தானே?”

“சரிப்பா.”

ஒலிப்பதிவில் அதன்பிறகு ஒன்றுமே இல்லை. கரண்டி சட்டியில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா பேசவில்லை, சித்தி பேசவில்லை. பேசாத இடத்தையும் குறிக்க வேண்டும் என்பதால் நான் அதையும் குறித்தேன். குறித்துவிட்டு மறுபடி கேட்டேன். இன்னொரு தடவை கேட்டேன்.

யாருடைய குரல் இது? கட்டைக் குரலில், தூக்கத்தில் பேசுகிற மாதிரி ஒரு சரிப்பா. சீனிக்கு அந்தப் பாடு பட்ட வீட்டில், என் படிப்பை நான் ஒரே சொல்லில் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தரும் பிடுங்கவில்லை, நானே நீட்டியிருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! தலையணையைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பிறகு அதையே கட்டிக்கொண்டு அழுதேன். எனக்கு இந்தப் படிப்பு வேண்டும். வேண்டும், வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஆளில்லாத அறையில் சொல்வதற்கே நாக்கு கூசியது.

அன்றிலிருந்து பழக ஆரம்பித்தேன். சின்னதாகத்தான். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், மைலோ ஐஸ் கேட்டால் பாலில்லாத தே ஓ சுடச்சுட வந்து நிற்கும். இதுநாள்வரை வாயை மூடிக்கொண்டு குடித்தவள், “அண்ணே, இது இல்லண்ணே, நான் கேட்டது மைலோ” என்றேன். அவர் பாட்டுக்கு, “சரி தங்கச்சி” என்று மாற்றிக் கொண்டுவந்தார். உலகம் ஒன்றும் இடியவில்லை. வகுப்பில் என் பேனாவைக் கேட்டவளிடம், முதலில் பழையதைக் கொண்டுவா என்றேன். அறைத்தோழியிடம், மின்விசிறியை ஒன்றில் வைக்காதே, எனக்கு வேர்க்கிறது என்றேன். அவள் ஒன்றில்தான் வேண்டும் என்றாள். கால் மணி நேரம் சண்டை போட்டோம். இரண்டில் முடிந்தது. அதன்பிறகுதான் நாங்கள் நெருங்கிய சிநேகிதிகள் ஆனோம்.

இறுதி வாய்மொழித் தேர்வு அன்று காலை ஆசிரியர் தாமதமாக வந்தார். ஸ்கூடாய் நெரிசலில் மாட்டி, வேர்த்து விறுவிறுத்து, ஏதோ கொலம்பிய வசவுகளை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். இவளா, இவளிடம் என்ன பேசுவது என்று நினைத்திருப்பார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

“இத்தனை மொழிகள் எதற்கு? வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. வீண் வேலை. உலகத்துக்கு ஒரே மொழி போதும், மற்றதையெல்லாம் மூடிவிட்டு...” என்று தொடங்கினார்.

“நோ” என்றேன்.

அவர் வாக்கியம் இன்னும் முடியவில்லை. “மன்னியுங்கள், ப்ரொஃபெசோரா” என்று பழக்கதோஷத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுபடி வாயைத் திறந்தார். மறுபடி வெட்டினேன். “என் சித்தி வீட்டுக்கு வந்து பாருங்கள். அன்னாசியை நறுக்குவது ஒரு மொழியில், அதை விலை பேசி வாங்கியது ஒரு மொழியில், டார்ட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பது ஒரு மொழியில். எதை மூடுவீர்கள்? எதை மூடினாலும் அந்தக் கல்யாணத்தில் டார்ட் இருக்காது!”

வினைச்சொல் எல்லாம் தாறுமாறாக விழுந்தது. இறந்தகாலத்தில் ஏறி எதிர்காலத்தில் இறங்கினேன். அத்தனை நாள் கட்டிக்காத்த சுத்தமான இலக்கணம் சின்னாபின்னமானது. அவர் ஒன்று சொன்னால் நான் ஒன்று சொன்னேன். அவர் மேசையைத் தட்டினார், நானும் தட்டினேன். தட்டிய பிறகுதான் ஐயோ, டீச்சர் மேசை என்று கையை இழுத்துக்கொண்டேன். முடிவில் அவர் முகமெல்லாம் சிவந்து சிரித்தார்.

“இலக்கணம் படுமோசம்” என்றார். “ஆனால் ஆள் உள்ளே இருக்கிறார்.”

தேறிவிட்டேன். பிரமாதமான மதிப்பெண் இல்லை, மயிரிழையைவிடக் கொஞ்சம் தடிமனாகத் தாண்டியிருந்தேன். போதாதா? விடுதிவரைக்கும் ஓடினேன். ஆனால் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லவில்லை. இதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். வைத்திருந்தேன் என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வது. பயம்.

விடுமுறைக்கு அழைத்துப்போக அப்பாவும் அம்மாவும் காரில் வந்தார்கள். பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், விளக்குக்கு விளக்கு வண்டி நின்று நின்று நகர்ந்தது. அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“நாளைக்கே காலேஜுக்குப் போயி பேசிட்டு வந்துரலாம்மா. அவரு இன்னிக்குப் போன் பண்றேன்னு சொல்லியிருக்காரு. முன்னுக்குப் பணம் கட்டணுமான்னு...”

“இல்லப்பா.”

“என்ன இல்ல? கட்ட வேணாமா?”

“போக வேணாம்பா. நான் மாறல. நான் இதையே...”

“இரும்மா, நான் சொல்லி முடிச்சிடுறேன். அவரு நல்ல மனுஷன்...”

“நீங்க இருங்கப்பா! நான் சொல்லி முடிக்கிறேன்!”

அம்மா விருட்டென்று பின்னால் திரும்பினார். என் குரல் காருக்குள் அவ்வளவு பெரிதாக ஒலிக்கும் என்று நானே நினைக்கவில்லை. நிறுத்தினால் மறுபடி வாயைத் திறக்க மாட்டேன் என்று தெரிந்ததால் நிறுத்தாமல் கொட்டினேன். எனக்கு இந்தப் படிப்பு பிடிக்கும், அக்கவுண்ட்ஸ் வேண்டாம், ஸ்பானிஷ் தேறிவிட்டேன், மொழியியல் வகுப்பில் ஒரு நாள் கண்ணீரே வந்துவிட்டது, அது சளி இல்லை என்று எது முதல், எது பின் என்று இல்லாமல் பேசினேன். படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவேன் என்று இன்னும் தெரியாது, ஆனால் இதை விட்டுவிட்டு நான் எங்கேயும் வரமாட்டேன் என்று முடித்தேன்.

அப்பா இடப்பக்கம் சிக்னல் போட்டு ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் காரை விட்டு, காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். திரும்பி உட்கார்ந்தார். அவர் கண் சிவந்திருந்தது. திட்டப் போகிறார் என்று இருக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“புடிச்சிருக்கா?” என்றார்.

“ரொம்பப்பா.”

“அப்ப ஏம்மா ஒரு வார்த்த சொல்லல? கேட்ட படிப்பு கெடைக்காம கடைசில கெடந்தத குடுத்துட்டாங்க. போன் பண்ணா ஓகே, பரவால்லன்னு ஒட்டாம பேசுற. நம்ம வீட்டுல யாரு எத வேணும்னாலும் குதிச்சுக் கேப்போம். நீ எதுக்குமே சண்ட போடல. புடிக்காத எடத்துல என் புள்ள மாட்டிக்கிட்டு வாய மூடிக்கிட்டு தவிக்குதுன்னு நெனச்சேன். அத எப்படியாச்சும் வெளிய கொண்டுவந்துரணும்னுதான் நாயா பேயா அலைஞ்சேன்.”

“நீங்க போகச் சொல்றீங்கன்னு நான் நெனச்சேன்பா.”

“நான் எங்கம்மா போகச் சொன்னேன்? கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்டேன்.”

ஆமாம், கேட்டுத்தான் இருக்கிறார். மாறிக்கலாம்தானே, யோசிக்கிறேதானே, ஓகேதானே. எல்லாம் கேள்விகள். நான் அத்தனையையும் உத்தரவாக வாங்கிக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டியிருக்கிறேன். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ரெண்டும் ஒன்ன ஒன்னு காப்பாத்துறேன்னு ஒரு வருஷமா என் உயிர வாங்கிருச்சுங்க” என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

அப்போது அப்பாவின் கைப்பேசி அடித்தது. கல்லூரிக்காரர். அப்பா ஒலியைக் கூட்டி வைத்துப் பேசுபவர் என்பதால் எல்லாம் எங்களுக்கும் கேட்டது.

“நாளைக்கு வரீங்கதானே? சீட்டு ரெடி.”

“மன்னிச்சிருங்க சார், வரல. என் பொண்ணு ஸ்பானிஷ்தான் படிக்கிறா. அதையேதான் படிக்கப் போறா.”

“ஸ்பானிஷா? ஐயோ, அத படிச்சிட்டு இந்த ஊர்ல என்ன...”

“சார், சார், நில்லுங்க.” அவரை முடிக்கவிடாமல் அப்பா வெட்டினார். “அத என்கிட்ட ஏன் கேக்குறீங்க? படிக்கிறவ இங்கதான் உக்காந்திருக்கா. அவளே சொல்லுவா. நல்லா பேசுவா என் பொண்ணு.”

கையை நீட்டி, கைப்பேசியை என்னிடம் கொடுத்தார். வாங்கிப் பேசினேன்.